ஸ்டார்ட்டிங் டிரபிள்: பம்ப்பை மாத்துறதுக்கு முன்னாடி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் திருத்தப்பட்டிருக்கு. பேச்சு நடை அப்படியே விடப்பட்டிருக்கு.)

இன்னைக்கு சாஃப்ட்வேர் இல்ல, லாரி. ஆனா டீபக்கிங் பத்தி நான் இதுவரைக்கும் பேசுன எந்த எபிசோடை விடவும் இதுல டீபக்கிங் அதிகம். அதனால ஹெட்போனைக் கழட்டிடாதீங்க.

போன பிப்ரவரியில ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு மாமா போன் பண்ணார். நான் நாகூருக்கு லீவுல வந்திருந்தேன். "மாப்ள, வண்டி ஸ்டார்ட் ஆவல. கொஞ்சம் வந்து பாரு"ன்னார். நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சவன்கிறது அவருக்கு ஞாபகம் இருக்கு. படிச்சு முடிச்சு ஏழு வருஷமா ஒரு ஸ்பானரைக்கூட தொடலைங்கிறது ஞாபகம் இல்ல.

மாமா வச்சிருக்கிறது ஒரு நடுத்தர லாரி, நாலு சிலிண்டர், பிஎஸ் 4 வண்டி, காமன் ரயில் இன்ஜின். அறுவடை சீசன்ல நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல இருந்து கிடங்குக்கு மூட்டை ஏத்துவார். மத்த நாள்ல கிடைச்ச லோடு. அன்னைக்கு வண்டி நின்னது திருமருகல் பக்கம் ஒரு கொள்முதல் நிலையத்து வாசல்ல. முதல் நாள் சாயந்தரமே 250 மூட்டை ஏத்தியாச்சு. ஒரு மூட்டை 40 கிலோ, ஆக 10 டன். மேல தார்ப்பாய் போட்டுக் கட்டியாச்சு. காலையில கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. கிழக்கால வானம் மூடிக்கிட்டு வருது.

டெல்டாக்காரங்களுக்கு இதுல என்ன பதற்றம்னு சொல்ல வேண்டியதில்ல. மத்தவங்களுக்காகச் சொல்றேன். நெல்லுல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போனா கொள்முதல்ல சிக்கல். சம்பா அறுவடை நேரத்துல பருவம் தவறி மழை வந்தா, ரோட்டோரம் கொட்டி வச்சிருக்கிற நெல்லு முளைக்க ஆரம்பிச்சிடும். அங்க இருக்கிற மூட்டை நகர்ந்தாத்தான் அடுத்த விவசாயி நெல்லுக்கு இடம். ஒரு லாரி வாசலை அடைச்சுக்கிட்டு நின்னா பின்னாடி டிராக்டர் வரிசை நிக்கும். நான் போனப்போ ஏழு டிராக்டர் நின்னுச்சு. எல்லாரும் மாமாவைப் பார்த்தாங்க. மாமா என்னைப் பார்த்தார்.

இது ஒரே நாள்ல வந்த வியாதி இல்ல. நாலு நாளா காலையில ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்திருக்கு. முதல்ல பத்து செகண்டு செல்ஃப், அப்புறம் இருபது, அப்புறம் முப்பது. ஒருதடவை ஸ்டார்ட் ஆயிட்டா நாள் பூரா ஓடும். நடுவுல டவுன்ல ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போயிருக்கார். அவங்க ஸ்கேனர் போட்டுப் பார்த்துட்டு, "பி 0087 வருது, ஹை பிரஷர் பம்ப் போயிடுச்சு, கூட இன்ஜெக்டரும் பார்க்கணும், ஒரு லட்சத்துக்கு மேல ஆகும்"னு சொல்லிட்டாங்க. மாமாவுக்கு அந்த சீசன்ல மொத்தமா கையில நிக்கிற காசே அவ்வளவு வராது. அதனால "பார்த்துக்கலாம்"னு வண்டியை எடுத்துட்டு வந்துட்டார்.

அந்தக் கோடு என்னன்னு முதல்ல சொல்லிடுறேன். பி 0087ன்னா ரயில்ல டீசல் பிரஷர் கம்மியா இருக்குன்னு அர்த்தம். அவ்வளவுதான். ஏன் கம்மின்னு அது சொல்லாது. நம்ம சர்வர்ல "டைம் அவுட்"னு லாக் வந்தா டேட்டாபேஸ் மெஷினையே தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குவோமா? நெட்வொர்க்கா, கொயரியா, லாக்கான்னு பார்ப்போம்ல. அதே கதைதான். ஆனா பம்ப் போயிடுச்சுன்னு ஒருத்தர் ஸ்கேனரைக் காட்டிச் சொல்லும்போது வண்டிக்காரருக்கு எதிர்த்துக் கேக்கத் தோணாது. திரையில இங்கிலீஷ்ல சிவப்பா ஓடுது, பின்ன?

சரி, இன்ஜினுக்குள்ள டீசல் எப்படிப் போகுதுன்னு ஒரு படம் மனசுல வரைஞ்சுக்கோங்க. டேங்க்ல இருந்து ஒரு பைப் கிளம்புது. வாட்டர் செபரேட்டர், அதாவது தண்ணியைப் பிரிச்சு அடியில தேக்கி வைக்கிற கிண்ணம். அங்க இருந்து ஃபீட் பம்ப். அப்புறம் மெயின் ஃபில்டர், ஹை பிரஷர் பம்ப், ரயில்ங்கிற தடிமனான குழாய், அதுல இருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்ஜெக்டர். மாமா வண்டியில ஃபீட் பம்ப்பும் ஹை பிரஷர் பம்ப்பும் ஒரே கட்டியா ஒட்டிக்கிட்டு இருக்கும். அதனால டேங்க்ல இருந்து பம்ப் வரைக்கும் டீசலைத் தள்ளுறதுக்கு ஆளே கிடையாது, உறிஞ்சுறதுதான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, மொத்தக் கதையும் இங்கதான் இருக்கு.

பழைய லாரியில இன்லைன் பம்ப் இருந்துச்சு. பெங்களூர் மைக்கோ கம்பெனி 1951ல ஆரம்பிச்சதுல இருந்து நம்ம நாட்டு டீசல் வண்டி எல்லாத்துலயும் அந்தக் குடும்பத்துப் பம்ப்தான்னு சொல்ற அளவுக்கு இருந்துச்சு. இன்னைக்கும் வயசான மெக்கானிக்குங்க எந்தப் பம்ப்பையும் "மைக்கோ பம்ப்"னுதான் சொல்லுவாங்க. 2017 ஏப்ரல்ல நாடு முழுக்க பிஎஸ் 4 வந்தப்போ நிறைய லாரி காமன் ரயிலுக்கு மாறுச்சு. அசோக் லேலண்ட் மட்டும் ஐஇஜிஆர்னு சொல்லி இன்லைன் பம்ப்பை வச்சே பிஎஸ் 4 லாரி வித்தாங்க. நம்ம ஊர் மெக்கானிக் ரிப்பேர் பண்ணிக்கலாம்கிறது அதோட பெரிய விற்பனைப் பேச்சு. 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 வந்த பிறகு அவங்களும் காமன் ரயிலுக்கு வந்துட்டாங்க.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? இன்லைன் பம்ப்ல செல்ஃப் அடிச்சு டீசல் நாசிலுக்குப் போனா பீய்ச்சிடும். காமன் ரயில்ல அப்படி இல்ல. ரயில்ல குறிப்பிட்ட பிரஷர் ஏறுற வரைக்கும் ஈசியூ இன்ஜெக்டரைத் திறக்கவே திறக்காது. மாடலுக்கு மாடல் மாறும், குத்துமதிப்பா 200 பார்ல இருந்து 300 பார்னு வச்சுக்கலாம். அதுக்குக் கீழ இருந்தா நீங்க சாயந்தரம் வரைக்கும் செல்ஃப் அடிச்சாலும் ஒரு சொட்டு உள்ள போகாது. செல்ஃப்ல இன்ஜின் சுத்துறது நிமிஷத்துக்கு 150, 200 சுத்துதான். அந்த வேகத்துலயே அவ்வளவு பிரஷரை ஏத்தணும்.

டீசல் நல்லா அழுத்தம் தாங்குற திரவம். நூத்துல ஒரு பங்கு சுருக்கினாலே சுமாரா 150 பார் ஏறிடும். ஆனா நடுவுல காத்துக் குமிழி இருந்தா? 200 பாருக்கு அந்தக் குமிழி இருநூத்துல ஒரு பங்கா சுருங்கணும். பம்ப் பிளஞ்சர் அடிக்கிற அடி எல்லாம் குமிழியை அமுக்குறதுலயே போயிடும். "ஏர் புடிச்சிடுச்சு"ன்னு மெக்கானிக் சொல்றாரே, அது இதுதான்.

இப்ப கதைக்கு வர்றேன். நான் போறதுக்கு முன்னாடியே மாமா ஒரு வேலை பண்ணியிருந்தார். பெட்ரோல்ல துணியை நனைச்சு ஏர் கிளீனர் வாய்ல காட்டி செல்ஃப் அடிச்சிருக்கார். தயவு செஞ்சு இதைப் பண்ணாதீங்க. டீசல் இன்ஜின் கம்ப்ரெஷனுக்கு பெட்ரோல் ஆவி நேரங்கெட்ட நேரத்துல வெடிக்கும், பிஸ்டனும் கனெக்டிங் ராடும் அடிவாங்கும். இன்டேக் ஹீட்டர் இருக்கிற வண்டியில தீயே பிடிக்கும். ரெண்டாவது, அரை நிமிஷத்துக்கு மேல தொடர்ந்து செல்ஃப் அடிச்சிருக்கார். ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தா இட்லிப் பானை மாதிரி கொதிக்குது. பத்துப் பதினஞ்சு செகண்டு அடிச்சுட்டு ரெண்டு நிமிஷம் விடணும். இல்லைன்னா பம்ப்புக்கு வந்தவர் ஸ்டார்ட்டரையும் சேர்த்து மாத்துவார்.

எனக்குத் தெரிஞ்ச ஒரே உருப்படியான காரியம், நாகூர்ல ஒரு மெக்கானிக் நானாவுக்குப் போன் பண்ணேன். எங்க ஊர்ல அண்ணனை நானான்னு கூப்பிடுவாங்க. நாப்பது வருஷமா டீசல் வண்டி மட்டும் பார்க்கிறவர். டிவிஎஸ் எக்ஸ்எல்ல பின்னாடி ஒரு பையைக் கட்டிக்கிட்டு முக்கால் மணி நேரத்துல வந்துட்டார். வந்தவர் பானெட்டைத் திறக்கல. டிராக்டர் டயர்ல சாஞ்சு நின்னுக்கிட்டு மாமாகிட்ட கேள்வி கேக்க ஆரம்பிச்சார்.

"காலையில மட்டும் தகராறா, சூட்டுலயும் தகராறா?"

"காலையிலதான் நானா. ஓட ஆரம்பிச்சா ஒண்ணும் இல்ல."

"செல்ஃப் அடிக்கையில புகை வருதா?"

"கவனிக்கல."

"தம்பி, நீ பின்னாடி போய் சைலன்சரைப் பாரு"ன்னு என்னை அனுப்பினார். செல்ஃப் அடிச்சாங்க. புகையே இல்ல. கையை வச்சுப் பார்த்தா வெறும் காத்து. நானா தலையை ஆட்டினார். இது ஒரு பைசா செலவில்லாத டெஸ்ட். வெள்ளைப் புகை வந்தா டீசல் உள்ள போகுது, ஆனா எரியலைன்னு அர்த்தம். கம்ப்ரெஷன், ஹீட்டர்னு அந்தப் பக்கம் போகணும். புகையே இல்லைன்னா டீசலே உள்ள போகல. பாதி இன்ஜினை இந்த ஒரு பார்வையில தள்ளி வச்சிடலாம்.

அடுத்த கேள்வி: "கடைசியா வண்டியில என்ன வேலை பார்த்தீங்க?" எங்க டீம்ல புரொடக்‌ஷன்ல பிரச்சினை வந்தா முதல்ல கேக்குறது இதுதான், கடைசியா என்ன டெப்ளாய் பண்ணீங்கன்னு. மாமா யோசிச்சார். "ஒரு வாரம் முன்னாடி டீசல் ஃபில்டர் ரெண்டும் மாத்தினேன்." "எத்தனை நாளா ஸ்டார்ட்டிங் டிரபிள்?" "நாலு நாள்." நடுவுல அந்த மூணு நாள் ஏன் ஒழுங்கா ஓடுச்சு? நான் அதைக் கேட்டேன். நானா சிரிச்சுக்கிட்டே, "டேங்க்ல எவ்வளவு டீசல் இருக்கு?"ன்னு கேட்டார். கால் டேங்க்குக்குக் கீழ. ஃபில்டர் மாத்துன அன்னைக்கு? ஃபுல் டேங்க்.

எங்க ஊர்க்காரங்களுக்கு இது புரியும். நாகூர் தாண்டி வாஞ்சூர் செக்போஸ்ட் வந்தா அந்தப் பக்கம் காரைக்கால், பாண்டிச்சேரி வரி. டீசல் விலை குறைவு. அதனால டேங்க்கை வறட்டி வறட்டி ஓட்டி, காரைக்கால் பக்கம் லோடு கிடைக்கும்போது வாய் வரைக்கும் ஊத்துறதுதான் வழக்கம். டேங்க் நிறைஞ்சிருக்கும்போது டீசல் மட்டம் செபரேட்டரை விட உசரம். தானா வழிஞ்சு வரும். மட்டம் இறங்கின பிறகு பம்ப் மேல உறிஞ்சணும். அப்போ வழியில எங்கயாவது ஒரு சின்ன ஓட்டை இருந்தா என்ன ஆகும்? இளநீர் குடிக்கிற ஸ்ட்ராவுல நடுவுல ஒரு கீறல் இருந்தா எப்படி இருக்கும்? இளநீர் வெளிய ஒழுகாது. காத்துதான் வாய்க்குள்ள வரும்.

இதுதான் இந்தப் பிரச்சினையோட ஏமாத்து வேலை. டீசல் லீக்னா கீழ சொட்டும், ஈரமா இருக்கும், மண்ணு ஒட்டும்னு நாம தேடுவோம். உறிஞ்சுற பக்கத்துல லீக் இருந்தா வெளிய ஒரு சொட்டு இருக்காது. பளபளன்னு காய்ஞ்சு இருக்கும். ராத்திரி வண்டி நிக்கும்போது அந்த வழியா காத்து நுழைஞ்சு, பைப்ல இருக்கிற டீசல் மெதுவா டேங்க்குக்கே திரும்பிப் போயிடும். காலையில பம்ப்புக்குக் கிடைக்கிறது காத்து. பகல்ல பத்து இருபது நிமிஷம் நிறுத்தி எடுத்தா டீசல் இறங்க நேரம் இல்ல, அதனால ஸ்டார்ட் ஆயிடுது.

சந்தேகம் வந்தாச்சு. ஆனா நானா நேரா ஃபில்டருக்குப் போகல. முதல்ல பேட்டரி. மாமா வண்டி 24 வோல்ட், ரெண்டு பேட்டரி. மீட்டர் வச்சு செல்ஃப் அடிக்கும்போது பார்த்தார், இருபதுக்குப் பக்கத்துல நின்னுச்சு, மோசமில்ல. அப்புறம் மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ணை இன்ஜின் பிளாக்லயும் வச்சு மறுபடி செல்ஃப். 1.1 வோல்ட் காட்டுச்சு. அது அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும். எர்த் கேபிள் நட்டைக் கழட்டினா பச்சைப் பச்சையா பூத்திருக்கு. கடல் ஒரு பக்கம், வெட்டாறு ஒரு பக்கம், உப்புக்காத்து. நாகூர்ல வீட்டு கேட்டே பத்து வருஷம் தாங்காது, இது எங்க தாங்கும். சுரண்டி, எமரித்தாள் போட்டு, கிரீஸ் தடவி மாட்டினார். செல்ஃப் சத்தமே மாறிடுச்சு, சுத்து வேகம் கூடுச்சு. ஆனா ஸ்டார்ட் ஆகல.

அவர்கிட்ட ஒரு பழைய ஸ்கேனர் இருந்துச்சு. அதுல கோடு பார்க்கல, நேரா லைவ் டேட்டா. இக்னிஷன் போட்டு செல்ஃப் அடிக்காம ரயில் பிரஷர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டுச்சு. ராத்திரி பூரா நின்ன வண்டி பூஜ்யம்தான் காட்டணும். நாப்பது அம்பதுன்னு காட்டினா சென்சார்ல சந்தேகம். சென்சார் பொய் சொன்னா அதுக்கப்புறம் பார்க்கிற எல்லா நம்பரும் பொய். இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் அவருக்கு வேலை போட்டுக் கொடுப்பேன். அப்புறம் செல்ஃப். ஈசியூ கேக்குறது 300 சொச்சம், வர்றது 80, 90, மறுபடி 70. ஒரே மட்டமா நிக்காம துள்ளிக்கிட்டே இருந்துச்சு. "பம்ப் செத்திருந்தா இப்படித் துள்ளாது, மொத்தமா படுத்துக்கும். இது மூச்சு வாங்குது"ன்னார். அது அவர் அனுபவம், அதை மட்டும் நம்பி நான் முடிவு பண்ண மாட்டேன். அவரும் பண்ணல.

பைக்குள்ள இருந்து ஒரு டியூப் எடுத்தார். கொத்தனார் மட்டம் பார்ப்பாங்களே, அந்த வெள்ளை டியூப். கூட ஒரு அஞ்சு லிட்டர் கேன்ல வடிகட்டின புது டீசல். டேங்க், பைப், செபரேட்டர் எல்லாத்தையும் ஒதுக்கிட்டு, டியூபை நேரா ஃபீட் பம்ப் வாயில மாட்டி, கேனை கேபின் படிக்கு மேல தூக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடிச்சவன் நான். டியூப்ல டீசல் இறங்கி நிறைஞ்சுது. செல்ஃப். நாலு செகண்டுல ஸ்டார்ட்! டிராக்டர்காரங்க கைதட்டினாங்க. ஒரு லட்சம் ரூபாய் பம்ப் நல்லாத்தான் இருக்கு.

இங்கதான் எனக்கு ஒரு உறுத்தல். "நானா, நீங்க ரெண்டு விஷயத்தை ஒரே நேரத்துல மாத்திட்டீங்க. செபரேட்டரையும் ஒதுக்கிட்டீங்க, கேனையும் மேல தூக்கிட்டீங்க. எதனால ஸ்டார்ட் ஆச்சுன்னு எப்படித் தெரியும்?" அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அதுக்குத்தான் அடுத்தது இருக்கு தம்பி." கேனைத் தரையில வச்சார். ஓடிக்கிட்டு இருந்த இன்ஜின் ஓடிக்கிட்டே இருந்துச்சு, டியூப்ல ஒரு குமிழி இல்ல. அணைச்சு, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி ஸ்டார்ட். நல்லாவே எடுத்துச்சு. ஆக உசரம் காரணம் இல்ல.

மூணாவது, கேன் தரையிலயே இருக்கு. டியூபை செபரேட்டருக்கு முன்னாடி மாட்டினார். செபரேட்டருக்கும் பம்ப்புக்கும் நடுவுல இன்னொரு துண்டு வெள்ளை டியூப். கை பம்ப் அடிச்சு நிரப்பிட்டு செல்ஃப். ரெண்டாவது டியூப்ல சோடா மாதிரி குமிழி வருது. முதல் டியூப்ல ஒண்ணு கூட இல்ல. காத்து உள்ள நுழையுற இடம் ரெண்டு டியூபுக்கும் நடுவுல இருக்கிற ஒரே ஒரு சாமான்.

செபரேட்டரைக் கழட்டினார். அடியில தண்ணி வடிக்கிற திருகு இருக்கும். அதுல ஒரு ஓ ரிங். ஃபில்டர் மாத்தும்போது புது ஃபில்டர் பெட்டியில புது ரிங் கொடுத்திருப்பாங்க. மாத்துன பையன் அதைப் போடாம பழசையே போட்டிருக்கான். அது தட்டையா போய் ஒரு இடத்துல வெடிச்சிருக்கு. நானா பையில இருந்து அதே அளவு ரிங் எடுத்து, டீசல்ல நனைச்சு மாட்டினார். ரிங்குக்கு வாங்கின காசு 40 ரூபாய். அவர் கூலி தனி, அதை மாமா மனசறிஞ்சு கொடுத்தார். பத்தரைக்கு வண்டி கிளம்பிடுச்சு. மழை பன்னெண்டுக்குத்தான் வந்துச்சு.

இந்த இடத்துல ஒரு எச்சரிக்கை, இதுக்காகத்தான் நான் இந்த எபிசோடையே பண்றேன். வண்டி நின்னுக்கிட்டு இருந்தப்போ வரிசையில இருந்த ஒரு பெரியவர் நல்ல எண்ணத்துல ஸ்பானரோட வந்தார். "இன்ஜெக்டர் பைப் நட்டை லூஸ் பண்ணி செல்ஃப் அடி, ஏர் போயிடும்." இன்லைன் பம்ப் வண்டியில அதுதான் முறை, அவர் முப்பது வருஷமா அப்படித்தான் பண்ணியிருப்பார். காமன் ரயில்ல அதைப் பண்ணவே கூடாது. நம்ம வீட்டுக் குக்கர் விசில் அடிக்கிறது சுமாரா ஒரு பார். லாரி டயர்ல எட்டு பார். ஓடுற இன்ஜின்ல ரயில்ல 1600 பார் வரைக்கும் போகும், சில வண்டியில அதுக்கும் மேல. அந்தப் பைப்ல ஊசி முனை அளவு லீக் இருந்து விரல் அதுக்கு நேரா போனா, டீசல் தோலைக் குத்திக்கிட்டு சதைக்குள்ள போயிடும். வெளிய ஒரு கொசுக்கடி மாதிரி புள்ளிதான் தெரியும், முதல்ல வலியும் பெருசா இருக்காது. உள்ள சதை அழுக ஆரம்பிச்சிடும். விரலை, கையை எடுக்க வேண்டிய நிலைமைக்குப் போன கேஸ் எல்லாம் மருத்துவத்துல பதிவாகியிருக்கு. அப்படி ஆனா சின்னப் புள்ளிதானேன்னு மஞ்சள் வச்சுக்கட்டிட்டு உக்காரக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரி, "ஹை பிரஷர்ல டீசல் உள்ள போயிடுச்சு"ன்னு வாயால சொல்லணும். அது ஆபரேஷன் பண்ண வேண்டிய காயம். லீக் இருக்கான்னு தடவிப் பார்க்காதீங்க, ஒரு அட்டையைக் காட்டிப் பாருங்க. இன்ஜினை அணைச்ச பிறகும் பிரஷர் இறங்க நேரம் கொடுத்துத்தான் அந்தப் பைப் பக்கம் போகணும். எவ்வளவு நேரம்னு உங்க வண்டி மேனுவல்ல இருக்கும்.

பழைய பழக்கம்னா இன்னொண்ணும் இருக்கு. புது ஃபில்டர்ல வாளி டீசலை ஊத்தி நிரப்பி மாட்டுறது. சீக்கிரம் ஸ்டார்ட் ஆகும்னு எல்லாரும் பண்றதுதான். தலைமுடி சுமாரா 70 மைக்ரான் தடிமன். காமன் ரயில் ஃபில்டர் பிடிக்கிற தூசி அஞ்சு மைக்ரான், அதுக்கும் கீழ. நடு ஓட்டையில நீங்க ஊத்துற டீசல் ஃபில்டரோட சுத்தமான பக்கத்துக்கு, வடிகட்டாம, நேரா பம்ப்புக்குப் போகுது. காலி ஃபில்டரை மாட்டிட்டு கை பம்ப்பை அடிங்க. கை வலிக்கும், பரவாயில்ல.

கதை இதோட முடிஞ்சிருந்தா எனக்கும் சந்தோஷம்தான். ரெண்டு வாரம் கழிச்சு மாமா மறுபடி போன். "காலையில ஜம்முனு எடுக்குது மாப்ள. சூட்டுல மக்கர் பண்ணுது. லோடு இறக்கிட்டு இருபது நிமிஷம் கழிச்சு எடுத்தா இழுக்குது." நேர் எதிர் அறிகுறி. நானா போன்லயே சொல்லிட்டார், "அது வேற வியாதி, பாட்டில் வைக்கணும்."

பாட்டில் டெஸ்ட்னா, ஒவ்வொரு இன்ஜெக்டர்லயும் ஒரு சின்ன ரிட்டர்ன் டியூப் இருக்கும். இன்ஜெக்டர் உள்ள கசியுற டீசல் அது வழியா டேங்க்குக்குத் திரும்பும். இது லோ பிரஷர் பக்கம். இன்ஜினை அணைச்சுட்டு அந்த டியூபை எடுத்து, நாலு இன்ஜெக்டருக்கும் நாலு ஒரே மாதிரி பாட்டில் மாட்டி, கொஞ்ச நேரம் ஐட்லிங்ல விடணும். மாமா வண்டியில மூணு பாட்டில் ஒரே அளவு, மூணாவது சிலிண்டர் பாட்டில் மட்டும் மத்ததை விட மூணு மடங்கு. சூடானா டீசல் நீர்த்துப்போகும், தேஞ்ச இடுக்குல வேகமா கசியும். பம்ப் ஏத்துறதை அந்த ஒரு இன்ஜெக்டர் வடிச்சு விட்டுடுது, செல்ஃப் வேகத்துல பிரஷர் ஏறல. ஓடும்போது பம்ப் வேகமா சுத்துறதால சமாளிச்சிடுது.

ஆக, அந்த டவுன் ஒர்க்‌ஷாப் சொன்னதுல இன்ஜெக்டர் சந்தேகம் முழுத் தப்பு இல்ல. இதைச் சொல்லாம விட்டா அது நேர்மை இல்ல. ஆனா நாலையும் மாத்தி, பம்ப்பையும் மாத்தியிருந்தா, செபரேட்டர் ரிங் அப்படியே இருந்து மறுநாள் காலையும் ஸ்டார்ட் ஆகியிருக்காது. புதுப் பம்ப்புக்கும் காத்துதான் போயிருக்கும். மாமா ஒரு இன்ஜெக்டரை மட்டும் தஞ்சாவூர்ல டெஸ்ட் பெஞ்ச்ல கொடுத்து சரி பண்ணி வாங்கினார். வலிக்கிற செலவுதான், ஆனா கடன் வாங்காம முடிஞ்சுது.

ஏன் அந்த ஒண்ணு தேஞ்சுது? உறுதியா சொல்ல முடியாது. ஆனா கழட்டின ஃபில்டரை நானா ஒரு தட்டுல கவுத்துக் காட்டினார். அடியில தண்ணி முத்து முத்தா உருண்டுச்சு, கூட செந்நிறத் துரு. மாமா கொட்டகையில ஒரு 200 லிட்டர் பேரல் இருக்கு. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு வாரக்கணக்குல கரண்டு இல்லாதப்போ ஜெனரேட்டருக்காக வாங்கி வச்சது. அதுக்கப்புறம் காரைக்கால்ல விலை குறைவா இருக்கும்போது வாங்கி அதுல ஊத்தி வைக்கிற பழக்கம் ஒட்டிக்கிச்சு. கடலோர ஈரக்காத்து, பாதி காலியான பேரல், பகல் சூடு, ராத்திரி குளிர். உள் சுவர்ல வேர்த்து தண்ணி அடியில சேரும். டீசலை விட தண்ணி கனம், அதனால கடைசி இருபது லிட்டர்தான் விஷம். டேங்க்குலயும் இதே கதை, வறட்டி ஓட்டுறதோட இன்னொரு விலை அது. லிட்டருக்கு மிச்சம் பிடிச்ச காசையெல்லாம் கூட்டிப் பார்த்தா அந்த இன்ஜெக்டர் செலவுக்கு வருமான்னு நானும் மாமாவும் ஒரு நாள் ராத்திரி உக்காந்து கணக்குப் போட்டோம். வரல. மாமா அந்தக் கணக்குத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டார்.

இப்ப அவர் வாரத்துக்கு ஒருதடவை காலையில, வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி, செபரேட்டர் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளர்ல பிடிச்சுப் பார்க்கிறார். மூடும்போது ரிங்கை விரலால தடவிப் பார்த்துட்டு மூடுறார். பேரலை அடி வெட்டி மாட்டுக்குத் தண்ணித் தொட்டி ஆக்கியாச்சு. மாடு இன்னும் அதுல வாய் வைக்கல, டீசல் வாடை போகலையாம்.

பிஎஸ் 6 வண்டிக்காரங்க சிலர் ஆட்புளூ பத்திக் கேட்டிருந்தீங்க, அதை அடுத்த எபிசோடுல நானாவையே உக்கார வச்சுப் பேசலாம்னு இருக்கேன். மைக் முன்னாடி வர ஒத்துக்கிட்டா. அடுத்த வாரம் பார்ப்போம்.